மேற்குக் காற்றின் பூவுக்கு ஒரு பேர்

சலூன் கடிகாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடும். அதில் பத்து இருபத்திரண்டு என்றால் உண்மையில் பத்து பதினைந்து. பதினொன்றுக்கு இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம் என்று இன்னாசிமுத்து மனசுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரமகுரு வெள்ளைத் துணியை ஓர் உதறு உதறி அவர் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். இனி இரண்டு கையும் துணிக்குள்ளே. சட்டைப்பையில் இருக்கிற போனும் துணிக்குள்ளே. பதினொன்றுக்கு மதுரையிலிருந்து தமயந்தி மேடம் கூப்பிடுவார். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர், சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தமாட்டார். பேர் என்ன ஐயா என்று ஒரே கேள்வி கேட்பார். ஒரே பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் படிவம் இன்று போகாது, இன்று போகாவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் தனக்கு அறுபத்தைந்து, அது ஒன்றும் பெரிய வயசில்லை, ஆனால் பெயரில்லாத பூவை இன்னொரு மழைக்காலம் முழுக்க 'அந்தப் பூ' 'அந்தப் பூ' என்று எப்படிச் சொல்லிக்கொண்டிருப்பது? உலகத்தில் எவர் புதிதாக ஒரு மழை லில்லியை உண்டாக்கினாலும் எழுதிவைக்க ஒரு பதிவேடு இருக்கிறதாம். அதற்கான படிவத்தில் பன்னிரண்டு கட்டம். பதினொன்று நிரம்பிவிட்டது. நான்காவது மட்டும் காலி. காலி என்றால், இன்று காலை ஒன்பது பத்து வரைக்கும் அது காலி இல்லை. நெபுலோசா என்று ஆறு மாசமாக அவர் மனசுக்குள் எழுதிவைத்திருந்தார். செஃபிராந்தஸ் நெபுலோசா. நெபுலோசா என்றால் லத்தீனில் பனிமூட்டம் நிறைந்தவள். கொடைக்கானலில் பிறந்த பூவுக்கு வேறு என்ன பேர் பொருந்தும்? யாரிடமும் மூச்சு விடவில்லை, மேடத்திடம்கூட. கடைசி நாளில் சொல்லி அவரை அசத்த வேண்டும் என்று ஒரு சின்ன ஆசை. தகரத் தகடு வெட்டி, எனாமல் பெயின்ட் மூன்று பூச்சு பூசி, எழுத்துக்கு எழுத்து இடைவெளி அளந்து எழுதியும் ஆகிவிட்டது. காலையில் போனில் சொன்னார். அந்தப் பக்கம் பேரை ஒருமுறை சொல்லிப் பார்க்கிற சத்தம். அப்புறம், "நல்ல பேரு ஐயா. காட்டுல கண்டுபிடிச்சிருந்தா இதையே வெச்சிருக்கலாம்" என்றார் மேடம்.

அங்கேதான் இடித்தது. லத்தீன் பேர் காட்டில் தானாக முளைத்ததற்குத்தான். மனுஷன் கைப்பட உண்டாக்கினதற்கு லத்தீன் கூடாது, மனுஷன் பேசுகிற பாஷையில்தான் வைக்க வேண்டும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதிலிருந்து அதுதான் விதி. அந்த வருஷம் தான் பிறந்திருக்கக்கூட இல்லை. பிறப்பதற்கு முன்னாலேயே ஒரு விதி தனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது, தானோ ஒன்பது வருஷமாக நாற்பது பக்க நோட்டில் லத்தீனும் கிரேக்கமும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலை ஆடியது. "ஆடாதீங்கண்ணே," என்று பரமகுரு உச்சந்தலையைப் பிடித்து நேராக வைத்தார். "என்ன சிரிப்பு? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல." இன்னாசிமுத்து ஒன்றுமில்லை என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தார். நாலு சனிக்கிழமைக்கு ஒருமுறை இந்த நாற்காலியில் உட்காருகிறார், பதினெட்டு வருஷமாக. ஒரு தடவைக்குத் தான் பேசுவது சராசரியாக ஆறு வார்த்தை. வந்ததும் 'என்ன பரமு', போகும்போது 'வரட்டுமா', இடையில் ஏதாவது மூணு. மீதியெல்லாம் பரமகுருதான் பேசுவார். ஏரிக்கரைக் கூட்டம், கேஸ் சிலிண்டர், மூஞ்சிக்கல் ரோட்டில் கவிழ்ந்த காய்கறி வண்டி எல்லாம் கத்திரிக்கோலின் தாளத்தோடு காதில் விழுந்து மடியில் முடியோடு முடியாகச் சேரும். இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார், பெஞ்சில் காத்திருக்கிற ஜீப் டிரைவர் ராயப்பனோடு ஏதோ தேர்தல் விஷயம். பேசட்டும். பேச்சு ஓடுகிற இடத்தில் யோசிப்பது, அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசிப்பது மாதிரி, யாரும் தொந்தரவு பண்ணமாட்டார்கள்.

செஃபிராந்தஸ். மழை லில்லிக்குப் புத்தகத்தில் உள்ள பேர், மேற்குக் காற்றின் பூ என்று அர்த்தம். நோட்டில் முதல் பக்கம், முதல் வரி அது. கிரேக்கக்காரர்களுக்கு மேற்குக் காற்று நல்ல காற்றாம், ஒரு தெய்வமாம். நமக்கும் மேற்குக் காற்று வந்தால்தானே ஆனி ஆடியில் மழை, மழை வந்தால்தானே பூ. பேர் வைத்தவன் கொடைக்கானலைப் பார்த்ததில்லை, பார்த்த மாதிரி வைத்திருக்கிறான். எல்லாரும் அப்படி வைக்கவில்லை. ஹிப்பியாஸ்ட்ரம் என்று ஒன்று. குதிரை வீரனின் நட்சத்திரம் என்று அர்த்தம். அதைத்தான் ஊரெல்லாம் அமரில்லிஸ் அமரில்லிஸ் என்று சொல்லி விற்கிறோம். அமரில்லிஸ் ஓர் ஆடு மேய்க்கிற பெண்ணின் பேர், பழைய கவிதையில் வருகிறவள், மின்னுகிறவள். வீட்டிலேயே செடி வளர்த்து விற்கிறவர், முன்வரிசையில் பதினோரு தொட்டிக்கும் அவள் பேரைத்தான் எழுதி வைத்திருந்தார். மேடம் முதல் தடவை செடி வாங்க வந்தபோது தயங்கித் தயங்கி, ஐயா தப்பா எடுத்துக்காதீங்க, இது வேற அது வேற என்று சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே பதினோரு தகட்டையும் சுரண்டி மறுபடி எழுதினார். ஆட்டுக்காரி இறங்கிப் போனாள், குதிரைக்காரன் ஏறி உட்கார்ந்தான். ஒரு வாரம் அந்தத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றவே கூச்சமாக இருந்தது, வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவருக்கு அப்போதுதான் உறைத்தது, தான் தினமும் நாற்பத்தெட்டு பேரைக் கூப்பிடுகிறேன், ஒருவருடைய கதையும் தெரியாமல் கூப்பிடுகிறேன் என்று. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பேர். மேடம் போனில் சொல்வார், இவர் எழுதுவார். கிளாடியோலஸ், சின்ன வாள். இலையைப் பார்த்து வைத்தது, சரிதான். டியூலிப், தலைப்பாகை. அதுவும் சரி. ஐரிஸ், வானவில். நார்சிஸஸ், மரத்துப்போவது. அந்தக் கிழங்கைத் தின்றால் அப்படியாகும். பேபியானா, குரங்குக்காக வைத்த பேர். ஆப்பிரிக்காவில் குரங்குகள் தோண்டித் தின்னுமாம். இதைச் சொன்னபோது மனைவி செசிலி, "அப்ப நம்ம வீட்டுக் கெழங்குக்கெல்லாம் முள்ளம்பன்னினு பேர் வைங்க. அதுதானே தோண்டுது" என்றாள். ஒரு வருஷத்தில் முப்பத்தேழு கிழங்கு, தோண்டத்தான் செய்தது.

காதுக்குப் பின்னால் குளிர்ந்த கத்திரி. கூசியது. கூச்சத்தில் தோள் ஏறியது, பரமகுரு தோளைத் தட்டி இறக்கினார். ஸ்காடாக்ஸஸ், குடையின் மகிமை. அதற்கு முன்னால் அதன் பேர் ஹீமாந்தஸ், ரத்தப்பூ. ரத்தத்திலிருந்து மகிமைக்கு மாற்றிவிட்டார்கள், நல்ல மாற்றம். பேர் மாறினால் பூவுக்குத் தெரியுமா? சம்பங்கிக்கு மாறினது நிலக்கோட்டைச் சந்தையில் ஒருத்தருக்காவது தெரியுமா? பாலியாந்தஸ் என்று இருந்தது, வெளுத்த பூ. இப்போது அதைக் கற்றாழை இனத்தில் சேர்த்து அகேவ் அமிகா என்கிறார்கள். அமிகா என்றால் சிநேகிதி. மூட்டை மூட்டையாக லாரியில் ஏறுகிற சம்பங்கி, கல்யாண மாலையில் கிடக்கிற சம்பங்கி, உலகத்துப் புத்தகத்தில் அதன் பேர் சிநேகிதி. இதை எழுதின ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. தெருமுனையில் பூக்கட்டுகிற பெண்ணைத் தாண்டும்போது நின்றார், வாயைத் திறந்தார், முழம் எவ்வளவும்மா என்று கேட்டு ஒரு முழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்படித்தான். வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே காலை மடக்கி உட்கார்ந்துகொள்ளும். ஃப்ரீசியா என்று ஒரு பூவுக்குப் பேர் வைத்தவன் தன் சிநேகிதன் பேரை வைத்தானாம். ஃப்ரீஸ் என்று ஒரு டாக்டர். அதற்கு முன்னால் போய்க் கேட்டிருப்பான் இல்லையா, ஏப்பா, உன் பேரை ஒரு பூவுக்கு வைக்கட்டுமா என்று? என்ன முகத்தோடு கேட்டிருப்பான்? அந்த டாக்டர் சிரித்திருப்பாரா?

கடிகாரம் பத்து நாற்பத்தொன்று. அப்படியென்றால் முப்பத்துநாலு. இருபத்தாறு நிமிஷம். மேடம் படித்துச் சொன்ன விதிகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். முப்பது எழுத்துக்கு மேல் போகக்கூடாது. உலகத்திலேயே சிறந்தது என்கிற மாதிரி பெருமை அடிக்கக்கூடாது. செங்காந்தளுக்கு க்ளோரியோசா சுபெர்பா, மகிமை உடையவள், கர்வக்காரி என்று ஒன்றுக்கு இரண்டாக வைத்தவனுக்கு இந்த விதி இல்லை, தப்பித்தான். உயிரோடு இருக்கிறவர் பேரை வைத்தால் அவர் சம்மதம் கையெழுத்தோடு வேண்டும். தன் பேர் என்ற பேச்சே இல்லை, நினைத்தாலே காது சுடுகிறது. செசிலியிடம் காலையில் கேட்டார். கேட்டார் என்றால், அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, மேடம் இப்படிச் சொல்றாங்க, உன் பேரு வேணும்னா, என்று பாதியில் நிறுத்தினார். செசிலி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "என் பேரைத் தகரத்துல எழுதி மண்ணுல குத்தி வைக்கப் போறீங்களா? அதை நான் செத்ததுக்கப்பறம் கல்லறைல குத்துவாங்க. நீங்க அவசரப்படாதீங்க." நியாயம். கோயில் கல்லறைத் தோட்டத்துக்கும் தன் தோட்டத்துக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, வரிசையாகத் தகடு, தகட்டுக்குப் பின்னால் பூ. "போயி முடி வெட்டிட்டு வாங்க. தலை கொறைஞ்சா யோசனை வரும்," என்று அனுப்பிவிட்டாள். வந்து உட்கார்ந்தால் எதிரே கண்ணாடி, கண்ணாடியில் வாசல், வாசலில் அந்த டின்.

அதைப் பார்க்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரமும் கண்ணாடியை விட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய எண்ணெய் டின், நீலம் பூசி, அதில் மஞ்சள் மழை லில்லி. செஃபிராந்தஸ் சிட்ரினா, எலுமிச்சை நிறத்தாள். பரமகுரு அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாசம், காலை ஆறே முக்காலுக்கு, கடை திறக்குமுன் இந்த வாசலில் இன்னாசிமுத்து குனிந்து நின்றார். கையில் ஒரு தீப்பெட்டி, ஒரு கோழி இறகு. மூன்று நாள், மூன்று காலை, ஐந்து பூவின் மஞ்சள் தூளையும் வழித்தெடுத்தார். கேட்டிருக்கலாம். கேட்டால் எடுத்துக்கங்கண்ணே என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் கேட்பதென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும், எதற்கு என்று சொன்னால் பூவுக்குப் பூ சம்பந்தம் பேசுகிற கதை முழுவதும் சொல்ல வேண்டும், ராயப்பன் மாதிரி நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். அதற்குத் திருட்டே தேவலை என்று தோன்றிவிட்டது. வீட்டில் இளஞ்சிவப்புப் பூ பத்தொன்பதின் தூள்பைகளை விரியுமுன்னே கிள்ளி, இந்தத் தூளைத் தடவினார். ஏழு காய் பிடித்தது. விதை இருநூற்றுப் பன்னிரண்டு. கறுப்பாக, கரிந்த காகிதத் துணுக்கு மாதிரி. முளைத்தது நூற்று நாற்பது. தங்கியது அறுபத்தொன்று. அறுபது பூத்தது, அறுபதும் அச்சு அசல் தாய். அறுபத்தொன்றாவது போன வருஷம் ஜூன் பத்தொன்பது காலையில் பூத்தபோது அவர் தண்ணீர்க் குழாயை மூடாமலே நின்றுவிட்டார். செசிலி வந்து மூடினாள். எல்லாக் கட்டத்தையும் நிஜமாக நிரப்பியிருக்கிறார், ஏழாவதைத் தவிர. மகரந்தம் எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்விக்கு 'உள்ளூர்' என்று எழுதியிருக்கிறார். பொய் இல்லை. நிஜமும் இல்லை. பாதிப்பூ இந்தக் கடைக்குச் சொந்தம். பேர் வைக்க ஒரு மனுஷன் உண்டென்றால் இந்த மனுஷன்தான், அது காலையிலேயே தெரியும், தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கும்போதே தெரியும். அதனால்தான் கால் இங்கே வந்தது. சம்மதம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் திருடினதைச் சொல்ல வேண்டும். ஆறு வார்த்தைக்குள் அது அடங்குமா? எண்ணிப் பார்த்தார். உன் மஞ்சள் பூவிலிருந்து தூள் எடுத்தேன் மன்னித்துவிடு. ஆறு. சரியாக ஆறு, ஆனால் அதில் கேள்வி வரவில்லையே.

முடி வெட்டி முடிந்து சவரத்துக்கு நாற்காலி பின்னால் சாய்ந்தது. முகமெல்லாம் நுரை. வெதுவெதுப்பான நுரை, அதில் ஒளிந்துகொண்டால் யார் கண்ணுக்கும் தெரியாது என்று ஒரு சுகம். நெரீன் என்று ஒரு பூ, கடல் தேவதையின் பேர். கப்பல் உடைந்து கிழங்குகள் கரை ஒதுங்கி மணலில் முளைத்ததாக ஒரு கதை. யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், தானாகப் போய்க் கரையில் ஒதுங்குவதென்றால் எவ்வளவு சௌகரியம். கூரையில் ஒரு பல்லி. கத்தி இடது கன்னத்தில் இறங்கித் தொண்டைப் பக்கம் வந்தது. கடிகாரம் பதினொன்று, அதாவது பத்து ஐம்பத்துமூன்று. ஏழு நிமிஷம். நெஞ்சு துணிக்குள் தட்டுகிறது, தோட்டத்தில் முள்ளம்பன்றி மண்ணைப் பறிக்கிற மாதிரி தட்டுகிறது.

"பரமு."

"சொல்லுங்கண்ணே."

"உன் டின்னுல மஞ்சப்பூ."

"இந்த வருஷம் ஒம்பது வந்துச்சுண்ணே. போன தடவையவிடக் கூட."

"பதினொண்ணு," என்றார் இன்னாசிமுத்து.

கத்தி நின்றது. "எண்ணுனீங்களா?"

"நாலு வருஷமா எண்ணுறேன்." நுரை உதட்டுக்குள் வந்தது. கசந்தது. விழுங்கினார். "அந்த வருஷம் பூவுத் தூளை வழிச்சது ஆடு இல்ல. நான்தான்."

பெஞ்சில் செய்தித்தாள் மடிகிற சத்தம். ராயப்பன் கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்கட்டும், வந்தாயிற்று. பரமகுரு கத்தியைத் தொண்டையிலிருந்து எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. "கழுத்துல கத்தி இருக்கறப்ப உண்மை பேசுற ஆளை இப்பத்தாண்ணே பாக்கறேன்," என்றார் மெதுவாக. "பூவுல வாய் வெச்சது அதுதான்னு எதுத்த வீட்டு ரோசலின் அக்கா ஆட்டை நான் கல்லெடுத்து அடிச்சேனே."

"தெரியும். மூணு கல்லு."

"அதையுமா?"

"ஒண்ணுதான் பட்டுச்சு."

ராயப்பன் பெஞ்சில் புரை ஏறி இருமினான். பரமகுருவின் வயிறு குலுங்குவது நாற்காலியின் கைப்பிடி வழியாக இவருக்குத் தெரிந்தது, சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை, பல்லியைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னார். தூள், தீப்பெட்டி, கோழி இறகு. புதுப் பூ. நான்காவது கட்டம். இன்னும் ஐந்து நிமிஷம். எந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை என்று முன்கூட்டி அடுக்கவில்லை, அது பாட்டுக்கு வந்தது. கடைசியில் நின்று, மூச்சு வாங்கி, "உன் பேரை வைக்கலாமான்னு கேக்கறேன்," என்றார். கேட்டுவிட்டார். டாக்டர் ஃப்ரீஸ் சிரித்தாரோ இல்லையோ, பரமகுரு கத்தியை எடுத்துவிட்டு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"ரத்தப்பூ குரங்குப்பூன்னு சொல்லுவீங்களே வீட்டுல, செசிலி அக்கா சொல்லிருக்கு. அந்த மாதிரி புத்தகத்துலயா?"

"அந்த மாதிரிதான்."

"எத்தனை நாள் நிக்கும் அந்தப் பூ?"

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாள்ல வாடுறதுக்கு எம் பேரா?"

"அடுத்த மழைக்கு மறுபடி வரும். வருஷா வருஷம் வரும். கிழங்கு பிரிஞ்சு பிரிஞ்சு, வாங்கிட்டுப் போறவங்க வீட்டுலயும் வரும். நம்ம பாக்காத ஊர்லயும் வரும்."

பரமகுரு கத்தியைத் துண்டில் துடைத்தார். ஒருமுறை துடைத்தது போதாதென்று இன்னொருமுறை துடைத்தார். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். சட்டைப்பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. இன்னாசிமுத்துவின் கை துணியின் ஓரத்தைத் தேடித் தடுமாறியது. பரமகுருவே முடிச்சை அவிழ்த்து, போனை எடுத்து, பச்சையை அழுத்தி, நுரை படாத காதுப் பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பேர் என்ன ஐயா?"

"பரமகுரு," என்றார் இன்னாசிமுத்து. குரல் தன்னுடையது மாதிரி இல்லை, கொஞ்சம் உரக்க இருந்தது. "ஏழாவது கட்டத்தைத் திருத்தணும் மேடம். மகரந்தம் பரமகுரு சலூன் வாசல், எண்ணெய் டின். அவர் இங்கதான் இருக்கார். சம்மதம் இப்பவே எழுதிப் படம் எடுத்து அனுப்பறோம்." அந்தப் பக்கம் மேடம் எழுதுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "ரொம்ப நல்லா இருக்கு ஐயா," என்றார். "ஒம்பதாவது கட்டத்துல நிறம்னு கேட்டதுக்கு 'மஞ்சள் சிவப்பு'ன்னு ரெண்டு வார்த்தைதான் போட்டிருக்கீங்க. அது பத்தாது. பார்க்காதவங்களுக்குப் புரியற மாதிரி கொஞ்சம் விரிவாச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

பார்க்காதவர் என்றால் இந்தக் கடையிலேயே இரண்டு பேர். தன் பேர் வைத்த பூவை இந்த மனுஷன் இன்னும் பார்த்ததில்லை. இன்னாசிமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கன்னத்தில் நுரை, ஒரு கன்னம் வழவழவென்று. அடியில், காம்பு சேருகிற இடத்தில், பச்சை கலந்த மஞ்சள் என்றார். அது மேலே வர வர, நெய் உருகி ஆறும்போது வருமே ஒரு வெண்மஞ்சள், அது. இதழ் ஆறும் ஒரே மாதிரி இல்லை, வெளியே மூன்று கொஞ்சம் அகலம், உள்ளே மூன்று ஒடுக்கம். நுனியில் மட்டும் சிவப்பு, சிவப்பு என்றால் குங்குமம் இல்லை, குளிரில் விளையாடிவிட்டு வந்த குழந்தையின் காது மடலில் இருக்கும் பாருங்கள், அந்தச் சிவப்பு. காலை ஏழரைக்கு விரியும்போது அது குறைச்சலாக இருக்கும், பதினொரு மணிக்கு ஏறும், இரண்டாம் நாள் முழுக்கப் பரவிவிடும், அப்போது பார்த்தால் வேறு பூவோ என்று தோன்றும். உயரம் ஒரு சாண் நாலு விரல். ஒரு கிழங்குக்கு முதல் மழையில் இரண்டு, இரண்டாம் மழையில் மூன்று. வாசனை இருக்கிறதா என்று பலமுறை முகர்ந்து பார்த்திருக்கிறேன், இருக்கிறது, ஆனால் மூடுபனி இறங்கின நாளில் மட்டும்தான். போனைப் பிடித்திருந்த பரமகுருவின் கை அசையவில்லை, வாயும் அசையவில்லை. பதினெட்டு வருஷத்தில் இந்தக் கடையில் இவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

ராயப்பன் பெஞ்சிலிருந்து எழுந்து வாசலையும் கடிகாரத்தையும் பார்த்தான். "பரமு, எனக்குப் பதினொண்ணரைக்கு சவாரி இருக்கு. அண்ணனுக்கு அந்தப் பக்கக் கன்னத்தை முடிச்சுவிட்டா..."

"இருய்யா," என்றார் பரமகுரு. "ஆளு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காரு."